விசிட்டர் பாஸோடு வயலுக்குப் போகிறவன்

அன்புள்ள மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல், வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் நலம். உனக்குப் புரிகிற பாஷையில் சொல்வதானால் உன் அம்மா தொழில்துறையில் நலம், நான் விவசாயத்துறையில் நலம், பூனை எந்தத் துறையிலும் சேராமல் எங்கள் இருவரையும்விட நலம். போனில் சொல்லித் தொலைக்கக் கூடாதா, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்துக்கு வரும்போது நீ மீட்டிங் ஆரம்பித்துவிட்டது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் இதுவரை வந்ததில்லை. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது, ஆகவே உட்கார்ந்து கடைசிவரை படி.

நாட்டுப் பொருளாதாரம் பற்றி நீ எழுதி அனுப்பிய அறிக்கை வந்து சேர்ந்தது. உன் அம்மா கம்பெனி ஆபீஸில் யாரையோ பிடித்து அச்செடுத்துக் கொண்டுவந்தாள். நல்ல தாள், வழவழப்பு, மை கசியவில்லை. தாளைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்பது உனக்குத் தெரியும். உள்ளே இருந்த படத்தையும் பார்த்தேன். மூன்று கட்டம் போட்டிருக்கிறாய். முதல் கட்டத்தில் வயல், நடுவில் ஆலை, கடைசியில் கண்ணாடி வைத்த அலுவலகம். இடமிருந்து வலமாக ஒரு அம்புக்குறி. மக்கள் வயலை விட்டு ஆலைக்குப் போவார்கள், ஆலையை விட்டு அலுவலகத்துக்குப் போவார்கள், நாடு முன்னேறிவிடும். நல்ல அம்பு, தடிமனாக, சிவப்பாக இருக்கிறது. இதில் ஒரே ஒரு சங்கடம், நான் அந்த அம்பில் ஏறி ஆலைக்குப் போனவன், ஆலையை மூடியதும் அதே அம்பில் வழுக்கிக்கொண்டு வயலுக்கு வந்தவன். எதிர்ப்பக்கமாக வருகிற ஆளுக்கு ஒதுங்கி நிற்கக்கூட நீ அதில் இடம் விடவில்லை. அடுத்த முறை படம் போடும்போது ஓரத்தில் ஒரு திண்டாவது வரைந்து வை, என்னைப் போன்றவர்கள் உட்கார்ந்துகொள்வோம்.

காகித ஆலையில் நான் பார்த்த வேலை பழைய தாள்களைத் தரம் பிரிப்பது. எங்கெங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வரும், கரைக்கிற தொட்டிக்குப் போகுமுன் கையில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பள்ளிக்கூடத்தில் கோட்டைவிட்ட படிப்பை அந்தக் குப்பையில்தான் பிடித்தேன். முழுப் புத்தகம் எதுவும் வராது. அட்டை போயிருக்கும், இல்லாவிட்டால் பின்பாதி போயிருக்கும். அதனால் எனக்குச் சட்டம் முன்பாதி தெரியும், வைத்தியம் நடுப்பகுதி தெரியும், பொருளாதாரத்தில் முன்னுரை மட்டும் தெரியும். உன் மாமா இதைச் சொல்லித்தான் ஊரெல்லாம் என்னை "அரை வக்கீல்" என்கிறார். இருக்கட்டும், அவர் முழு என்னவென்று யாரும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. ஆலையை மூடுகிற அன்று கதவில் ஒட்டிய நோட்டீஸைத் தடவிப் பார்த்தேன், எங்கள் ஆலைத் தாள்தான், நாங்கள் தரம் பிரித்துப் போட்டதில் செய்தது. அன்று கொடுத்த பணத்தை வைத்துத்தான் இந்த நிலத்தை வாங்கினேன். நிலத்தின்மேல் எனக்குப் பாசம், மண்ணைப் பிரிய மாட்டேன் என்கிறேன் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். கதை கட்டாதே தாயே. அது கல்லு நிலம், மண்வெட்டி போட்டால் மண்வெட்டிதான் உடையும். கத்தரிக்காய் காய்க்கிறது, எனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது. ஆனால் ஆலையில் அத்தனை வருஷம் நான் நின்ற இடத்தை ஒரு தாளில் இல்லையென்று ஆக்கினார்கள் அல்லவா, இந்த இடத்தில் அப்படி ஒரு தாளை ஒட்ட எவனுக்கும் உரிமையில்லை. நான் வாங்கியது அந்த உரிமையை. கத்தரிக்காய் இலவசமாக வருகிறது.

அப்புறம்தான் கம்பெனி வந்தது. கார்களுக்குள்ளே ஓடுகிற வயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்புகிற கம்பெனி. சுற்றியிருந்த எல்லாரும் விற்றார்கள், முதலில் விற்றவர் உன் மாமா, பத்திரத்தில் மை காயுமுன் மோட்டார் சைக்கிள் வாங்கியவரும் அவரே. நான் ஒருவன்தான் கொடுக்கவில்லை. அவர்கள் என் நிலத்தை உள்ளே விட்டுச் சுற்றி மதில் எழுப்பினார்கள், நான் அரைச் சட்டத்தை வைத்துக்கொண்டு அலைந்து எனக்கு வழி உண்டு என்று உத்தரவு வாங்கினேன். வழி கொடுத்தார்கள், எப்படிக் கொடுத்தார்கள் என்பதை உன் அறிக்கையில் சேர்த்துக்கொள். தினமும் காலையில் கம்பெனி கேட்டில் நின்று, தலையில் மஞ்சள் ஹெல்மெட், உடம்பில் மின்னுகிற சட்டை, கழுத்தில் விசிட்டர் பாஸ், இவ்வளவும் மாட்டிக்கொண்டு என் கத்தரிச் செடிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போவேன். கேட்டில் காவலுக்கு நிற்பவன் யார் தெரியுமா, என் அக்கா மகன். நான் தோளில் தூக்கி வளர்த்தவன். தினமும் என்னைப் பார்த்து உங்கள் பேர் என்ன, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்பான். ஒருநாள் கோபம் வந்து, என்னைத் தெரியவில்லையாடா என்றேன். அவன் உதடு அசையாமல், "தெரியுது மாமா. கேமராவுக்குத் தெரியாதில்ல, அதுக்காகச் சொல்லுங்க" என்றான். யாரைப் பார்க்க வந்தேன் என்ற இடத்தில் கத்தரிக்காய் என்று சொன்னேன். எழுதிக்கொண்டான்.

இதே கேட் வழியாக உன் அம்மா எப்படிப் போவாள் என்கிறாய், கார்டைக் காட்டினால் பீப் என்னும், போய்விடுவாள். நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று கம்பெனி சொல்லியிருந்தது. உன் மாமா வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் யாருமில்லை, அவர் உட்பட. அந்த வேலையைத் தன் தங்கையான உன் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வயதில் எதற்கு, கால்வலி என்பாயே என்றேன். கால்வலி வீட்டில் நின்றால்தான் வருகிறது, அங்கே நின்றால் வருவதில்லை என்றாள். எந்த வைத்தியப் புத்தகத்திலும் இப்படி ஒரு கால் இல்லை, நடுப்பகுதியிலாவது இல்லை. சேர்ந்த கொஞ்ச நாளில், வரிசையாக நின்று வயர் கட்டுகிற பெண்களுக்கெல்லாம் தலைவியாக, லைன் லீடர் ஆகிவிட்டாள். நீலத் தொப்பி கொடுத்தார்கள், அதைத் துவைத்துக் காயப்போட்டவன் நான். சமையலும் நான்தான். சோறு கொஞ்சம் குழைந்துவிட்டால் தட்டைத் தள்ளிவைத்து ரிஜெக்ட் என்பாள். பெண் பார்க்க என் மாமனார் வீட்டுக்குப் போன நாளிலிருந்து அவள் சமைத்த எதையாவது நான் அப்படிச் சொல்லியிருப்பேனா, சொன்னேன் என்று அவள் சொல்கிறாள், அதை விடு. மாதாமாதம் நன்றாகச் செய்த லைனுக்குக் கை தட்டுவார்களாம். அன்றைக்கு பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அந்தப் பெண்களோடு சேர்ந்து அவள் சிரிக்கிற சத்தம் தெருமுனையில் கேட்கும். இத்தனை வருஷத்தில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை, முதல் தடவை வேறு யாரோ என்று நினைத்து ஜன்னலைச் சாத்தினேன். இதை உன் அறிக்கைக்கு ஆதரவாக எழுதவில்லை, உண்மை என்பதால் எழுதுகிறேன்.

இனிமேல்தான் விஷயம். கம்பெனி இரண்டாவது கொட்டகை போடப் போகிறது, அதற்கு என் இடம் நடுவில் நிற்கிறது என்று போன மழைக்கு முன்னால் ஆரம்பித்தார்கள். கொட்டகை வந்தால் அம்மாவின் லைன் நிரந்தரம், வராவிட்டால் லைன் எங்கே போகும் என்று சொல்ல முடியாது என்று பேச்சு. நிலம் பேசுகிற அதிகாரி ஒருவர் உண்டு, எதைச் சொன்னாலும் சிரிப்பார், இல்லையென்று சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பார், தெருவில் அவருக்குப் பல்செட் என்று பேர். ஒரு கூடை பழத்தோடு வந்து, ஐயா உங்கள் நிலம் உற்பத்தியில்லாமல் கிடக்கிறதே என்றார். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே நான் காலையில் பறித்த கத்தரிக்காய் ஒரு சாக்கு நிறைய இருந்தது. பழத்தைப் பூனைக்குக்கூடக் கொடுக்காமல் திருப்பி அனுப்பினேன். அதன்பிறகு தெருவே வந்தது. லைன் பெண்கள் வந்தார்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் வந்தார்கள், டீக்கடைக்காரர் வந்து, நீங்கள் பிடிவாதம் பிடித்தால் என் கடைக்கு யார் வருவார் என்றார். உன் மாமா வந்து நாட்டின் முன்னேற்றம் பற்றிப் பேசினார், மோட்டார் சைக்கிளை அணைக்காமலே. நீயும் போன் செய்தாய், அப்பா, சின்ன நிலத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருப்பது பொருளாதாரத்துக்கு நல்லதில்லை என்றாய். பொருளாதாரம் என்னிடம் வந்து ஒருநாளும் இப்படிப் புகார் சொன்னதில்லை. எல்லாருக்கும் இல்லை என்றேன். உன் அம்மா மட்டும் எதுவும் கேட்கவில்லை. சாப்பிட்டாள், தொப்பியை எடுத்துக்கொண்டு போனாள், வந்தாள். ரிஜெக்ட் என்றுகூடச் சொல்லவில்லை. குழைந்த சோற்றைப் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறவளிடம் என்னத்தைச் சண்டை போடுவது, நீயே சொல்.

கடைசியாக ஆபீஸுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கடைசிப் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். சட்டையை நானே இஸ்திரி போட்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று கத்தரிச் செடிகளுக்கு முன்னால் நின்று பலதடவை சொல்லிப் பார்த்தேன், ஆலையில் ஆரம்பித்து உன் அம்புக்குறி வரைக்கும் நல்ல நீளமான பேச்சு, நடுவில் எங்கே நிறுத்தித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றுகூட முடிவு செய்திருந்தேன். போய் உட்கார்ந்ததும் பல்செட் சிரித்தார். ஐயா உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, உங்கள் நிலம் எங்களுக்குத் தேவையில்லை என்றார். வயரைத் தானே வெட்டி, தானே கோத்து, தானே டேப் சுற்றுகிற இயந்திரம் வந்துவிட்டதாம். இரண்டாவது கொட்டகை வேண்டாம், இருக்கிற கொட்டகையே பாதி போதும். பின்பக்கத்து இடத்தை விட்டுவிட்டு மதிலை முன்னுக்கு இழுத்துக்கொள்கிறார்கள், என் நிலம் இனிமேல் பின்பக்க ரோட்டைப் பார்த்துத் தனியாக நிற்கும், யாரிடமும் பாஸ் வாங்க வேண்டாம். இவ்வளவு நாள் ஒத்துழைத்ததற்கு நன்றி என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் எங்கே ஒத்துழைத்தேன் என்று கேட்கத் தோன்றாமல் அந்தக் கையைக் குலுக்கிவிட்டு வந்தேன். வாழ்நாள் முழுக்க இல்லையென்று சொன்னவன், கேள்வியையே எடுத்துக்கொண்டு போய்விட்டால் என்ன செய்வான், அதற்கு உன் அறிக்கையில் கட்டம் இருக்கிறதா பார்த்துச் சொல்.

அந்த வாரமே அம்மாவின் லைனை எடுத்துவிட்டார்கள். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்க ஒருவர் போதுமாம், அதற்கும் டிப்ளமோ வேண்டுமாம். தெருவில் எல்லாரும் என்னால்தான் என்றார்கள். நான் கொடுத்திருந்தால் கொட்டகை வந்திருக்கும், கொட்டகை வந்திருந்தால் லைன் இருந்திருக்கும். டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் ஆறின டீ கொடுத்தார். நானும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். சாயங்காலம் அம்மா அடுக்களை வாசலில் உட்கார்ந்து தொப்பியில் ஒட்டியிருந்த டேப் துணுக்கை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள், "உங்களால ஒண்ணும் இல்ல. நீங்க குடுத்திருந்தாலும் மெஷின் வந்துதான் இருக்கும். சும்மா எல்லாத்தையும் உங்க தலையில போட்டுக்காதீங்க." ஆறுதலாகத்தான் சொன்னாள், ஆனால் எனக்குத் தெருக்காரர்களின் வசவே தேவலை என்று இருந்தது. அவர்களாவது என் பிடிவாதத்தால் ஒரு கம்பெனியே நின்றுபோனது என்று நம்பினார்கள்.

எங்களோடு வந்து தங்கிக்கொள்ளுங்கள் என்று நீ அவளிடம் சொன்னாயாம். வருகிறவளாக இருந்தால் அழைத்துக்கொள். அவளுக்கு நேரமில்லை. லைன் பெண்களில் பாதிப்பேர் வேறு வேலை தேடிப் போய்விட்டார்கள், ஒருத்தி துணிக்கடையில் பொம்மைக்குச் சேலை மாற்றுகிறாள், ஒருத்தி நீ சொல்கிற அலுவலகக் கட்டத்துக்கே போய்விட்டாள், கண்ணாடி துடைக்க. மிச்சப்பேர் நம் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறார்கள். கடைத்தெருவில் தண்ணீர் மோட்டார் செய்கிற பட்டறைக்காரர் ஒருவருக்கு வயர்க் கட்டு வேண்டும், அவர் கேட்கிற சின்ன அளவுக்கு எந்தக் கம்பெனியும் செய்து தராது. இவர்கள் என் கட்டிலை நிமிர்த்தி வைத்து அதில் ஆணி அடித்து, ஆணிக்கு ஆணி வயரை ஓட்டி மாதிரி செய்து காட்டி, ஆர்டர் வாங்கிவிட்டார்கள். நான் தரையில் படுக்கிறேன், முதுகுக்கு நல்லது என்று அம்மா சொல்கிறாள். இதுவும் ஒருநாள் மூடும், பட்டறைக்காரருக்கும் ஒரு இயந்திரம் வரும் என்றேன். வந்தால் வரட்டும், அதுவரைக்கும் என்ன செய்வதாம், இயந்திரம் வருகிறதா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரவா என்று கேட்டாள். மற்ற பெண்கள் வயர் நறுக்குவதை நிறுத்திவிட்டு என் பதிலுக்குக் காத்திருந்தார்கள். நான் பூனையைத் தேடிக்கொண்டு வெளியே போனேன்.

மறுநாள் சாப்பிடும்போது அவள், பின்பக்க ரோட்டில் கரண்ட் கம்பம் இருக்கிறது, நம் நிலத்தில் தகரக் கொட்டகை ஒன்று போட்டால் கூடம் நமக்குக் கிடைக்கும் என்றாள். நான் கையை உதறிவிட்டு எழுந்தேன். ஊரே கேட்டுக் கொடுக்காத நிலம், கம்பெனி கேட்டுக் கொடுக்காத நிலம், பெற்ற மகள் கேட்டுக் கொடுக்காத நிலம், இதை ஒரு தகரக் கொட்டகைக்குக் கொடுப்பேன் என்று எப்படி நினைத்தாய், என் உயிர் இருக்கும்வரை யார் கேட்டாலும் இல்லைதான் என்றேன். ஆபீஸில் சொல்ல முடியாமல் போன பேச்சு முழுவதையும் அவளிடம் சொன்னேன், தண்ணீர் குடிக்கிற இடத்தில் நிறுத்தித் தண்ணீரும் குடித்தேன். அவள் முழுக்கக் கேட்டாள். கேட்டுவிட்டு, "குடுக்கறீங்களான்னு நான் கேக்கவே இல்லையே. வாசலை ரோட்டுப் பக்கம் வைக்கலாமா, கிணத்துப் பக்கம் வைக்கலாமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள்.

நான் பதில் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை, உனக்கு அவள் வேறுமாதிரி சொன்னால் நம்பாதே. கொத்தனார் வந்து தூணுக்குக் குழி போட்டுக்கொண்டிருந்தார், தூரத்திலிருந்து பார்க்கும்போதே கோணல் தெரிந்தது. கோணல் கொட்டகை என் நிலத்தில் நின்றால் பார்க்கிறவர்கள் என்னைத்தானே சொல்வார்கள், அதற்காகக் கயிறு கட்டி நேர்படுத்திக் கொடுத்தேன். கொத்தனார், "அப்ப உங்களுக்குச் சம்மதம்தானா பெரியவரே" என்று கேட்டார். கயிறு பிடிப்பது சம்மதம் ஆகாது என்று சட்டத்தில் இருக்கிறது, அந்தப் பக்கம் எனக்குக் கிடைக்கவில்லையே தவிர நிச்சயம் இருக்கும். வாசல் ரோட்டுப் பக்கம்தான் வருகிறது, கிணற்றுப் பக்கம் வைத்தால் வேலை முடிந்து வருகிற பெண்கள் சேற்றில் வழுக்குவார்கள், அது யாருக்கும் தெரிகிற விஷயம். கத்தரிச் செடியில் இரண்டு பாத்தி போய்விட்டது. மிச்சத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறேன்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. அவர் வெளியே வேலைக்குப் போவதும் நீ வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்ப்பதும் சௌகரியம்தான், ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்காதே, இடையில் எழுந்து நட, தண்ணீர் குடி. கண்ணுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடு. நீ எழுதுகிறதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை, அம்புக்குறியை மட்டும் கொஞ்சம் மெல்லிசாகப் போடு. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் பாதியாவது கேட்டுக்கொண்டு, நீண்டநாள் சேர்ந்திருக்க வேண்டும். அம்மாவுக்கு வேலை நேரத்தில் போன் செய்யாதே, எடுக்கமாட்டாள், சாயங்காலம் செய். முக்கியமாக ஒன்று. மாமாவோ, டீக்கடைக்காரரோ, வேறு யாராவதோ உனக்குப் போன் போட்டு, உன் அப்பா கடைசியில் இறங்கி வந்துவிட்டாராமே என்று கேட்டால், இல்லை என்றே சொல். கேட்டு வந்த யாருக்கும் நான் நிலம் கொடுக்கவில்லை. உன் அம்மா கேட்கவில்லை.

இப்படிக்கு,
எதற்கும் இறங்கி வராத
உன் அப்பா